30 நாள் கணக்கு: வளர்ப்புப் பாம்புக் கையேடுகள் சொல்வதும் விடுவதும்

புதுசாக வாங்கிய பாம்பை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கையேடுகள் அமெரிக்காவில் ஏராளம். கேர் ஷீட் என்பார்கள். கடையில் பாம்போடு சேர்த்து ஒரு பக்கத் தாளாகக் கொடுப்பார்கள். புத்தகமாகவும் வரும். டல்லாஸ் பக்கம் குடிவந்ததிலிருந்து இந்த வகை எழுத்தை ஏழெட்டு வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இரண்டு பாம்பு இருப்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒரு டாக்குமென்டைக் கையில் கொடுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன விடுபட்டிருக்கிறது என்று தேடும் தொழில் புத்தி.

பாம்பு வளர்ப்பது சரியா தப்பா என்ற கேள்விக்குள் இந்தப் பதிவு போகாது. வளர்க்கிறவர்களுக்காக எழுதப்படும் இந்த எழுத்து அதன் வேலையைச் செய்கிறதா என்பதுதான் கேள்வி. என் பதில்: முதல் வாரத்துக்கு நன்றாகவே செய்கிறது, முதல் மாதத்துக்கு அரைகுறை. இரண்டு பாம்பு இருபதாகும்போது வாயே திறப்பதில்லை.

உதாரணத்துக்கு ஒரே ஒரு இனத்தை எடுத்துக்கொள்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான். (பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். பிரிட்டனில் ராயல் பைத்தான் என்கிறார்கள். நம்ம ஊரில் பால் என்றதும் புற்றுதான் ஞாபகம் வரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.) கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து 1975-க்குப் பிறகு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பால் பைத்தான்கள் உயிரோடு ஏற்றுமதியாகியிருக்கின்றன. இன்றைக்கு அமெரிக்க வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் பாம்புகளில் இதுவும் ஒன்று.

முதல் வாரம் பற்றிக் கையேடுகள் சொல்வது நல்ல யோசனைதான். பாம்பு வருவதற்குச் சில நாள் முன்பே கூண்டைத் தயார் செய்து ஓடவிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். வெதுவெதுப்பான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. ஹீட்டருக்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பதுங்கிடம், ஏன்னா ஒரே ஒரு பதுங்கிடம் இருந்தால் பாம்பு பாதுகாப்பா சூடா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அது பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் எடுக்கும். முதல் ஐந்தாறு நாள் தொடக்கூடாது, பிறகு இரை வைத்துப் பார்க்கலாம், சாப்பிட்ட பிறகு குறைந்தது இரண்டு நாள் கையில் எடுக்கக்கூடாது. எல்லாம் சரி.

ஆனால் ஏன் என்று கேட்டால் பெரும்பாலான தாள்களில் ஒரே வார்த்தைதான்: ஸ்ட்ரெஸ். அதைப் படிக்கிறவர், "நம்ம பாம்பு பரவாயில்லை, சாதுவா இருக்கே, கையில் எடுத்தாலும் ஒண்ணும் பண்ணலை" என்று மூன்றாம் நாளே எடுத்துவிடுகிறார். பால் பைத்தான் சும்மா இருப்பது சாதுத்தனமாக இருக்க வேண்டும் என்று இல்லை. பயந்துபோய் அசையாமல் இருப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கும். பாதுகாப்பில்லை என்று உணரும் பாம்பு சாப்பிடாது. சாப்பிட்ட பாம்பைத் தொந்தரவு செய்தால் இரையைக் கக்கிவிடும். ஒருமுறை கக்கினால் தேறிவிடும், திரும்பத் திரும்பக் கக்கினால் உயிருக்கே ஆபத்து. இந்த நாலு வரியை எழுதிவிட்டால் "தொடாதே" என்ற விதியைத் தனியாக எழுதவே வேண்டாம். படிக்கிறவரே புரிந்துகொள்வார்.

சாப்பிடாமல் இருப்பது பற்றியும் இதே குறை. ஆரோக்கியமான வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் இருக்கும். அது தெரியாமல் புது ஆட்கள் இரண்டாம் வாரமே பதறிப்போய், தினமும் எலியை நீட்டி, பாம்பை இன்னும் மிரட்டுகிறார்கள். தெரிந்தவர்களோ "அது அப்படித்தான்" என்று விட்டுவிட்டு, நிஜமான வியாதியைக் கோட்டை விடுகிறார்கள். இரண்டுக்கும் மருந்து ஒரு சமையலறைத் தராசு. வாரம் ஒருமுறை எடை, ஒரு நோட்டில் தேதியோடு. எடை பெரிதாக இறங்காமல் சாப்பிடாமலிருந்தால் காத்திருக்கலாம். பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் மருத்துவர். தாள் முழுக்க ஹீட்டர் விளம்பரம் மாதிரி எழுதுகிறவர்கள் தராசைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

இனி 30 நாள் விஷயம்.

ஏற்கெனவே பாம்பு இருக்கும் வீட்டுக்குப் புதுசாக ஒன்று வந்தால் தனிமைப்படுத்தி வைக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எத்தனை நாள்? பெரும்பாலான தாள்கள் 30 என்கின்றன, கொஞ்சம் கறாரானவை 60, 90. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று எந்தத் தாளிலும் இல்லை. நான் கோடு எழுதும் இடத்தில் காரணம் சொல்லாமல் `30` என்று ஒரு எண்ணைப் போட்டால் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பாம்பு உண்ணிக்கு 30 பொருந்தும். கறுப்புப் புள்ளி மாதிரி செதிலுக்கடியில், கண்ணோரத்தில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் இந்த உண்ணி, முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வர, பாம்புக் கூண்டின் சூட்டில் இரண்டு மூன்று வாரம் போதும். வரும்போது கண்ணுக்குத் தெரியாத முட்டை ஒன்றிரண்டு ஒட்டியிருந்தாலும் 30 நாளுக்குள் தண்ணீர்க் கிண்ணத்தில் செத்த உண்ணி மிதக்கும், பிடித்துவிடலாம். ஆக, இந்த எண்ணுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. சிக்கல், உண்ணிக்குப் பொருந்தும் எண்ணை எல்லா நோய்க்கும் சேர்த்து எழுதிவிடுவதில்தான்.

2012-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜோசப் டெரிசியின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. மலைப்பாம்புகளையும் போவாக்களையும் பல வருஷமாகக் கொன்றுகொண்டிருந்த, காரணம் தெரியாத ஒரு நோய்க்குப் பின்னால் அரீனா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று இருப்பதை அது காட்டியது. அதற்குப் பிறகு, 2017-இல், இரண்டு இனங்களுக்கும் இந்த வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். பால் பைத்தான்கள் இரண்டு மாதத்துக்குள் நரம்புக் கோளாறில் விழுந்தன. போவாக்கள்? இரண்டு வருஷம் ஆகியும் வெளியே ஒரு அறிகுறியும் இல்லை. உள்ளே வைரஸ் மட்டும் இருந்துகொண்டே இருந்தது.

இதைப் படித்துவிட்டு 30 நாள் விதிக்குத் திரும்பிப் பாருங்கள். ஒருவர் எக்ஸ்போவில் அழகான போவா ஒன்றை வாங்குகிறார். 30 நாள் தனி அறை. நன்றாகச் சாப்பிடுகிறது, எடை ஏறுகிறது. விதிப்படி அதை மற்றப் பாம்புகளின் அறைக்கு மாற்றுகிறார். அதன்பிறகு அவரது பால் பைத்தான்கள் ஒவ்வொன்றாக விழுந்தால், கையேட்டில் எழுதியிருந்த ஒரு வரியைக்கூட அவர் மீறியிருக்க மாட்டார். 90 நாள் வைத்திருந்தாலும் இதேதான். காலண்டர் இங்கே எதையும் சோதிக்கவில்லை. சோதிப்பது பிசிஆரும் ரத்தப் பரிசோதனையும்தான். மலைப்பாம்புகளின் மூச்சுக்குழலைத் தாக்கும் நிடோவைரஸ் வகைக்கும் இதே கதை. தொற்று நீண்டகாலம் தங்கும், வாயிலிருந்து ஸ்வாப் எடுத்துப் பார்த்தால் தெரியும். கிரிப்டோஸ்போரிடியம் இன்னொரு தலைவலி. மலத்தில் விட்டுவிட்டு வெளியேறுவதால் ஒருமுறை நெகட்டிவ் வந்தால் போதாது. வழக்கமாகக் கூண்டு கழுவும் பிளீச்சுக்கும் அது சாகாது.

பரிசோதனைக்குப் பணம் செலவாகும், சந்தையில் சல்லிசாக வாங்கிய பாம்பின் விலையைவிட அதிகமாகக்கூட. கையேடுகள் இதை எழுதாமல் விடுவதற்கு அதுதான் காரணம் என்று சந்தேகிக்கிறேன். பாம்பு விற்கிறவர்தானே பெரும்பாலும் கையேட்டையும் எழுதுகிறார்.

இன்னொரு ஓட்டை. தனிமையில் ஒரு பாம்பு 25 நாளை முடித்திருக்கும்போது அதே அறைக்கு இன்னொன்று வருகிறது. இப்போது முதல் பாம்பின் கணக்கு என்ன? மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஒரே அறை, ஒரே கை, ஒரே கிடுக்கி என்பதால். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவருக்கு இது சாதாரண விஷயம். ஆனால் நான் பார்த்த தாள்களில் இதைச் சொன்னவை மிகக் குறைவு. எக்ஸ்போவுக்கு எக்ஸ்போ ஒன்று வாங்குகிறவரின் தனிமை அறை உண்மையில் ஒருநாளும் 30-ஐ எட்டுவதே இல்லை.

அப்படியே பெருகும் விஷயத்துக்கு வந்துவிட்டோம். பாம்பு வளர்க்கிறவர்கள் ஒன்றோடு நிற்பதில்லை. மார்ஃப் என்று சொல்லப்படும் நிற, வடிவ வகைகள் பால் பைத்தானில் ஆயிரக்கணக்கில் இருப்பதாகக் கணக்கு சொல்கிறார்கள். 1992-இல் முதல் ஆல்பினோக்கள் அமெரிக்காவில் பொரித்ததிலிருந்து ஆரம்பித்தது இந்த ஓட்டம். ஸ்டாம்பு சேர்க்கிற மாதிரி சேர்ப்பார்கள். இந்தக் கட்டத்தில்தான் கையேடுகள் மௌனமாகின்றன. ஒரு பாம்புக்குச் சொன்னதை இருபதால் பெருக்கிக்கொள் என்பதுதான் சொல்லாமல் சொல்லும் செய்தி.

பெருக்கல் அல்ல அது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். புதுசாக வரும் ஒவ்வொரு பாம்பும் கண்டுபிடிக்கப்படாத தொற்றோடு வருவதற்கு 2 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். எந்த ஆய்விலும் வந்த எண் இல்லை, வாதத்துக்காக நான் எடுத்தது. பத்துப் பாம்பு சேர்த்தவரின் வீடு சுத்தமாக இருக்க வாய்ப்பு 82 சதவீதம். முப்பது சேர்த்தவருக்கு 55. ஐம்பதுக்கு 36. இது பாதிக் கணக்குதான். தொற்று வரும்போது வீட்டில் எத்தனை பாம்பு இருக்கிறது என்பது மீதி. ஐந்தாவது பாம்பு நோயோடு வந்தால் ஐந்துக்கு ஆபத்து, ஐம்பதாவது வந்தால் ஐம்பதுக்கு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பத்துப் பாம்பு சேர்ப்பதற்குள் சராசரியாக 1.1 பாம்பு ஆபத்துக்கு உள்ளாகும் என்றால் ஐம்பது சேர்ப்பதற்குள் அது 25.5. எண்ணிக்கை ஐந்து மடங்கு, ஆபத்து ஏறக்குறைய 23 மடங்கு. எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்திருந்தால் இதுதான் கணக்கு. இரண்டு மூன்று அறைகளாகப் பிரித்து, கருவிகளையும் பிரித்துவைத்தால் நிறையக் குறையும். சாஃப்ட்வேரில் ஒரு சர்வர் விழுந்தால் எல்லாம் விழாமல் பிரித்துவைப்பது மாதிரிதான்.

நேரக் கணக்கும் உண்டு. எடை பார்த்து, தண்ணீர் மாற்றி, கழுவி, இரை வைத்து, நோட்டில் எழுத என் வீட்டில் ஒரு பாம்புக்கு வாரம் 15 நிமிஷம் ஆகிறது. நாற்பது பாம்பு என்றால் வாரத்துக்குப் பத்து மணி நேரம். வேலைக்குப் போகிற மனிதரால் அது முடியாது. அப்போது முதலில் விடுபடுவது எது? எடை பார்ப்பதும் நோட்டில் எழுதுவதும்தான். எந்த இரண்டும் நோயை முன்கூட்டிக் காட்டிக்கொடுக்குமோ அந்த இரண்டும்.

ப்ரீடிங் லோன் என்று ஒரு வழக்கமும் இருக்கிறது. ஆண் பாம்பை ஒரு சீசனுக்கு நண்பரிடம் கொடுத்து, குஞ்சுகளில் பங்கு வாங்கிக்கொள்வது. பாம்பு போய்த் திரும்பி வருகிறது, பழைய கூண்டுக்கே நேராகப் போகிறது, "நம்ம பாம்புதானே" என்று. அது இப்போது புதுப் பாம்பு என்று எழுதிய கையேடு என் கண்ணில் படவில்லை.

எனக்கு இதில் அதிகம் உறுத்துவது ரேக் விஷயம். தொகுப்பு பெரிதானதும் கண்ணாடிக் கூண்டுகளை விட்டுவிட்டு, ட்ராயர் மாதிரி அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாறுகிறார்கள். ஒரு அலமாரியில் இருபது பாம்பு. பின்பக்கம் ஒரே ஹீட் டேப். இடம் மிச்சம், கரண்ட் மிச்சம், கழுவுவது சுலபம். இதையெல்லாம் வெளிப்படையாகச் சொன்னால் எனக்குச் சண்டை இல்லை. கையேடுகள் சொல்லும் காரணமோ வேறு: பால் பைத்தான் காட்டில் கரையான் புற்றுக்குள்ளும் எலி வளைக்குள்ளும்தான் வாழ்கிறது, ஆகவே இறுக்கமான டப்பாதான் அதற்குப் பிடிக்கும். வசதி முதலில் வந்தது, இயற்கை பிறகு அழைத்துவரப்பட்டது.

அந்த இயற்கையும் பாதிதான். நைஜீரியாவின் தென்கிழக்குக் காடுகளில் இந்தப் பாம்புகளைக் கவனித்து லூயிசெல்லி, ஆஞ்செலிச்சி என்ற இருவர் 1998-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. சின்னப் பாம்புகளின் இரையில் பெரும்பங்கு பறவைகள், பெரியவை தின்றது பாலூட்டிகளை. ஆண்கள் பெண்களைவிட அதிகம் மரத்தில் ஏறின. இரவில் மரம் ஏறிப் பறவை பிடிக்கும் பிராணியைப் பகலில் அது தூங்கும் பொந்தை வைத்து மட்டும் அளப்பது, மனிதனுக்குக் கட்டில் போதும் என்பது மாதிரி. 2021-இல் ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் ரேக்கையும், உள்ளே ஏற இறங்க வசதி செய்த தொட்டியையும் நேராக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொட்டியில் பாம்புகள் ஏறின, அலைந்தன, கொடுத்ததைப் பயன்படுத்தின. ரேக் இந்த இனத்துக்கு ஏற்ற வளர்ப்பு முறை அல்ல என்பது அவர்கள் முடிவு.

இங்கே நம்ம ஊர் ஞாபகம் ஒன்று. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுக்கப் பாம்புகளை வைத்திருப்பது மண்பானையில்தான். வாய்க்குத் துணி கட்டி, இருட்டாக. பிடித்துவந்த பாம்பு அமைதியாக இருக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, முதல் வாரத்துக்கான பதுங்கிடமும் அதே தத்துவம்தான். ஆனால் மூன்று நான்கு வாரம் விஷம் எடுத்த பிறகு, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்குப் பானை பிடிக்கும், இருபது வருஷம் அதிலேயே இருக்கட்டும் என்று அங்கே யாரும் எழுதிவைக்கவில்லை.

ரேக்குக்கு ஆதரவாகக் கடைசியில் வைக்கப்படும் வாதம்: "சாப்பிடுது, முட்டை போடுது, நல்லா இல்லைன்னா போடுமா?" இந்த வாதத்துக்கு ஒரு சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. ஸ்பைடர் என்ற மார்ஃப் 1999-இல் சந்தைக்கு வந்தது. மெல்லிய கறுப்புக் கோடுகள், அழகான பாம்பு, நல்ல விலை. தலை மட்டும் ஆடும். சிலது தலைகீழாகத் திருகிக்கொள்ளும், இரையைக் குறிபார்த்துக் கவ்வத் தெரியாமல் தவிக்கும். சாப்பிடுகிறது, முட்டை போடுகிறது, ஆகவே ஒன்றுமில்லை என்றார்கள், சுமார் இருபது வருஷம். பிரிட்டனின் சர்வதேச ஊர்வனவியல் சங்கம் 2018-இல் தன் விற்பனைக் கூட்டங்களில் அதைத் தடை செய்தது. 2022-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் உள்காதை சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்களே கோணலாக உருவாகியிருப்பது தெரிந்தது. அந்த அழகான கோடுகளுக்குக் காரணமான மரபணுவோடு சேர்ந்தே வரும் குறை அது. சாப்பிடுவதையும் முட்டை போடுவதையும் நலத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கெவின் ஆர்பக்கிள் என்ற ஆய்வாளர் 2013-லேயே இந்த மாதிரி ஆதாரமில்லாமல் கைமாறி வரும் வழக்கங்களை நாட்டார் வளர்ப்பு முறை என்ற பொருள்படும் பெயரால் விமர்சித்தார். அவர் தந்த பெயர் இன்று வளர்ப்பவர்கள் மத்தியிலும் புழங்குகிறது. கடந்த சில வருஷத்தில் வரும் கையேடுகளில் பெரிய கூண்டு, ஏறக் கிளை, வெளிச்சம் எல்லாம் வந்துவிட்டன. தனிமைப்படுத்தல் பத்தி மட்டும் பழைய தாளிலிருந்து அப்படியே நகல்.

சென்னையிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உள்நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்க்க 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை. பால் பைத்தான் மாதிரி சைட்ஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பாங்காக் விமானத்தில் பெட்டிக்குள் துணிப்பையில் சுற்றி வந்து மீனம்பாக்கத்தில் சுங்கத்துறையிடம் சிக்கும் பாம்புச் செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். சிக்காமல் தப்பிய ஒன்று கைமாறி உங்களிடம் வந்தால், எந்தக் கூண்டிலிருந்து, எந்தப் பாம்போடு ஒட்டி, எத்தனை நாள் பட்டினியில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 30 நாள் கணக்கை எந்தத் தேதியிலிருந்து ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியாது. வாங்காதீங்க.

எத்தனை பாம்பு வைத்துக்கொள்ளலாம் என்று மின்னஞ்சலில் கேட்ட நண்பருக்கு: தெரியாது. ஆனால் கையேடுகள் எழுதாத இன்னொரு எண்ணைச் சொல்கிறேன். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு 1961-இல் ஒரு தனி ஆள் ஒரு பால் பைத்தானைக் கொடுத்தார். 2020 ஜூலையில் அது ஏழு முட்டை போட்டது. குறைந்தது 62 வயதாவது இருக்கும் என்றார்கள். வீட்டில் 20, 30 வருஷம் என்பது சாதாரணம். எங்கள் பால் பைத்தானுக்கு இப்போது நாலு வயது, எனக்கு நாற்பத்தாறு. எடை எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் "எனக்குப் பிறகு பொறுப்பு" என்று ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறேன். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் மகள் இன்னும் அதில் கையெழுத்துப் போடவில்லை.